வெளிச் சமையல்கட்டும் உட்காரும் தளமும்: புகைக்கும் தண்ணீருக்கும் முதலில் வழி சொல்லுங்கள்

கேள்வியின் சுருக்கம் இது: கோவையில் கிழக்குப் பார்த்த வீடு. பின்புறம், அதாவது மேற்கே, வீட்டுச் சுவரை ஒட்டி வடக்கு தெற்காக 20 அடி நீளமும் 14 அடி அகலமும் உள்ள காலி இடம். மண் கரிசல். அங்கே ஒரு விறகடுப்பு, ஒரு கேஸ் அடுப்பு, பாத்திரம் கழுவத் தொட்டி, எட்டுப் பேர் உட்கார்ந்து சாப்பிட இடம் வேண்டும். எப்படித் திட்டமிடுவது, எந்த வரிசையில் கட்டுவது, எவ்வளவு பொருள் பிடிக்கும்?

பலரும் கிரானைட் நிறத்திலும் கூரை டிசைனிலும் தொடங்குகிறார்கள். வேலை கெடுவது வேறு இரண்டு இடங்களில்: புகை வீட்டுக்குள் வருவது, தண்ணீர் தளத்தில் தேங்கி மண்ணுக்குள் இறங்குவது. இந்த இரண்டையும் காகிதத்திலேயே தீர்த்துவிட்டால் மற்றதெல்லாம் காசுக்குத் தக்கபடி கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம். தளம் போட்ட பிறகு இவற்றைத் திருத்த வேண்டுமானால் உடைக்கத்தான் வேண்டும்.

காற்றும் வெயிலும்

கோவையில் ஜூன் முதல் செப்டம்பர் வரை பாலக்காட்டுக் கணவாய் வழியாக மேற்கிலிருந்தும் தென்மேற்கிலிருந்தும் பலமாகக் காற்று வரும். உங்கள் இடம் வீட்டுக்கு மேற்கே இருக்கிறது. அப்படியானால் இந்த நான்கு மாதமும் அங்கே எழும் புகை நேராகப் பின்வாசலுக்கு வரும். ஆகவே விறகடுப்பை இடத்தின் வடமேற்கு மூலையில், வீட்டுச் சுவரிலிருந்து 10 அடிக்கு மேல் தள்ளி வையுங்கள். தென்மேற்குக் காற்றில் புகை வடகிழக்காகப் போய் வீட்டின் ஓரத்தைத் தாண்டிவிடும். அக்டோபர், நவம்பரில் காற்று வடகிழக்கிலிருந்து திரும்பும்போது புகை வீட்டை விட்டு விலகியே போகும். சாப்பிடும் இடம் தெற்குப் பாதியில் இருப்பதால் இரண்டு பருவத்திலும் அது தப்பிக்கும். வடக்கே பக்கத்து வீட்டு ஜன்னல் நெருக்கமாக இருந்தால் மட்டும் சிம்னி உயரத்தில் ஒரு அடிகூடச் சமரசம் செய்யாதீர்கள்.

வாஸ்து பற்றி வீட்டில் நிச்சயம் பேச்சு வரும். அக்னி மூலையான தென்கிழக்கு உங்கள் இடத்தில் வீட்டுச் சுவரை ஒட்டிய மூலை. அங்கே விறகு எரித்தால் சுவர் கறுக்கும், புகை உள்ளே போகும். அக்னி மூலை அமையாதபோது வாயு மூலையான வடமேற்கை வாஸ்து பார்ப்பவர்களே ஏற்றுக்கொள்கிறார்கள். இங்கே காற்றும் வாஸ்துவும் ஒத்துப்போகின்றன என்பதால் பெரியவர்களிடம் இதைச் சொல்லிச் சம்மதம் வாங்குவது எளிது.

மேற்கு வெயில் இன்னொரு தொல்லை. மாலை மூன்று மணி முதல் பொழுது சாயும் வரை அது தாழ்வாக, முகத்துக்கு நேராக அடிக்கும். மேலே போடும் கூரையால் இதைத் தடுக்க முடியாது. மேற்கு ஓரத்தில் நின்றவாக்கில் ஒரு தடுப்பு வேண்டும். ஜாலிக் கல் சுவர் இதற்குப் பொருத்தம், ஏனென்றால் அதே சுவர் காற்றின் வேகத்தையும் குறைக்கும். முழுச் சுவர் எழுப்பிவிடாதீர்கள். காற்று அதன் மேலேறி உள்பக்கம் சுழன்று இறங்கும், புகையையும் கூடவே கீழே அழுத்தும்.

இடத்தைப் பிரிப்பது

வடக்குப் பக்கம் 10 அடி சமையலுக்கு, தெற்குப் பக்கம் 10 அடி உட்கார. 6 அடிக்கு 3 அடி மேசையில் எட்டுப் பேர் உட்காரலாம். நாற்காலியைப் பின்னால் தள்ளி எழச் சுற்றிலும் 3 அடி வேண்டும் என்பதால் மேசைக்கு மொத்தம் 12 அடிக்கு 9 அடி தேவை. 14 அடிக்கு 10 அடியில் அது தாராளமாக அடங்கும்.

சமையல் வரிசை வடக்கு ஓரமாக, மேற்கிலிருந்து கிழக்காக ஓடட்டும். மூலையில் விறகடுப்பு இரண்டரை அடி. அதையடுத்து சூடான பாத்திரம் இறக்கி வைக்க ஒன்றரை அடி. பிறகு கழுவும் தொட்டி 2 அடி. நறுக்க, அரைக்க 3 அடி மேடை. கடைசியில் வீட்டுப் பக்கமாகக் கேஸ் அடுப்பு 3 அடி. மொத்தம் 12 அடி. தொட்டி நடுவில் இருப்பதால் இரண்டு அடுப்புக்கும் தண்ணீர் கைக்கெட்டும். சிலிண்டரும் விறகு நெருப்பும் வரிசையின் எதிரெதிர் முனைகளில் இருக்கும், இதுதான் இந்த வரிசையின் முக்கியப் பயன். சமைப்பவருக்குப் பின்னால் குறைந்தது 4 அடி நடமாட்டம் விடுங்கள்.

அனுமதி பற்றி ஒரு வார்த்தை. திறந்த தளத்துக்கு யாரும் கேட்கப்போவதில்லை. கூரை போட்டால் பின்பக்க இடைவெளி விதி குறுக்கிடலாம். தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள் 2019-ஐ வைத்துத்தான் அதைப் பார்ப்பார்கள். உங்கள் வரைபடத்தோடு பதிவு பெற்ற பொறியாளர் ஒருவரிடம் காட்டிவிட்டுத் தூண் குழி தோண்டுங்கள்.

கரிசல் மண்ணில் தளம்

காசு போக வேண்டிய இடம் இதுதான். கரிசல் மழையில் உப்பும், கோடையில் சுருங்கி விரல் நுழையும் அளவுக்கு வெடிக்கும். அதன்மேல் நேரடியாகக் காங்கிரீட் போட்டால் இரண்டே பருவத்தில் தளம் நடுவில் தூக்கியோ ஓரத்தில் இறங்கியோ விரிசல் விடும். மேலே எவ்வளவு விலையுயர்ந்த கல் போட்டிருந்தாலும் அந்த விரிசல் கல்லின் வழியாக வெளியே வரும்.

முதலில் நூல் கட்டி இடத்தைக் குறியுங்கள். இரண்டு மூலைவிட்டமும் 24 அடி 5 அங்குலம் வந்தால் மூலைகள் சரி. வீட்டுப் பக்கம் தவிர மற்ற மூன்று பக்கமும் ஒரு அடி கூடுதலாக எடுத்து, 15 அங்குல ஆழத்துக்குக் கரிசலை வெட்டி வெளியேற்றுங்கள். அதை ஓரமாகக் குவித்து வைத்தால் வேலையாட்கள் அதையே திரும்பத் தள்ளிவிடுவார்கள், அன்றே அப்புறப்படுத்துங்கள். பிறகு 12 அங்குலத்துக்குச் செம்மண் கிராவல். ஒரே தடவையில் கொட்டாமல் 6 அங்குலம் கொட்டி, தண்ணீர் தெளித்து, அதிரும் தகட்டு இயந்திரம் வாடகைக்கு எடுத்துத் திமிசு போட்டு, அதன்மேல் அடுத்த 6 அங்குலம். அமுங்கும் அளவையும் சேர்த்தால் சுமார் 4 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) கிராவல் பிடிக்கும். குதிகால் அழுத்தி நடந்தால் தடம் பதியக் கூடாது.

வீட்டுச் சுவரை ஒட்டிய 2 அடியில் கூடுதல் கவனம் வேண்டும். வீடு கட்டியபோது அஸ்திவாரத்துக்குத் தோண்டி மூடிய மண் அது. பெரும்பாலும் சரியாகத் திமிசு போட்டிருக்க மாட்டார்கள். தளம் சுவரோரம் இறங்கி, மழைத் தண்ணீர் அஸ்திவாரத்தைப் பார்த்து ஓடுவதற்குக் காரணம் இந்த இரண்டடி மண்தான்.

காங்கிரீட்டுக்கு முன்னால் தளத்துக்கடியில் போக வேண்டிய எல்லாவற்றையும் போட்டு முடியுங்கள்: தொட்டியின் கழிவுக்கு 75 மி.மீ. பைப், தண்ணீர் பைப், மின் கம்பிக்கு 25 மி.மீ. பைப் இரண்டு. இரண்டாவது பைப் சும்மா கிடக்கட்டும், பிற்பாடு விளக்கோ கேமராவோ போட உதவும். பைப்பின் மேல் அளவு நாடாவை விரித்து வைத்துப் படம் எடுத்துக்கொள்ளுங்கள். பின்னாளில் ஆணி அடிக்க, துளை போட அந்தப் படம்தான் வழிகாட்டும்.

இனி வாட்டம். தளம் வீட்டிலிருந்து மேற்கு நோக்கி 10 அடிக்கு 2 அங்குலம் என்ற கணக்கில் சரிய வேண்டும். 14 அடிக்கு ஏறத்தாழ 2¾ அங்குலம். வீட்டுப் பக்கத்தில் தளத்தின் முடிந்த மட்டம் வீட்டுத் தரையைவிட 6 அங்குலம் கீழே இருக்கட்டும். கண் அளவை நம்பாமல், டியூப் லெவல் (தண்ணீர் நிரப்பிய மட்டக் குழாய்) பிடித்து நான்கு மூலையிலும் நடுவிலும் முளையடித்து, முளையின் தலையில் மட்டத்தைக் குறித்து, குறிக்குக் குறி நூல் இழுங்கள். மேற்கு ஓரத்தில் 6 அங்குல அகலத்தில் ஒரு வாய்க்கால். அந்தத் தண்ணீர் தளத்தோரமே கரிசலில் ஊறக் கூடாது. தளத்திலிருந்து 8, 10 அடி தள்ளிக் கொண்டுபோய் விடுங்கள்.

கிராவல் மேல் பாலிதீன் விரித்து, 8 மி.மீ. கம்பியை இரு திசையிலும் 8 அங்குல இடைவெளியில் கட்டுங்கள். 280 சதுர அடிக்குச் சுமார் 105 கிலோ வரும், வெட்டில் போவதைச் சேர்த்து 110 வாங்குங்கள். கம்பிக்கடியில் கவர் பிளாக் (கம்பியைத் தரையில் படாமல் தூக்கி நிறுத்தும் சிறு கட்டை) வைக்காமல் 'காங்கிரீட் கொட்டும்போது தூக்கிவிட்டுக்கொள்ளலாம்' என்பார்கள். யாரும் தூக்குவதில்லை. தரையில் ஒட்டிக் கிடக்கும் கம்பி துருப்பிடிக்கும், தளத்தைத் தாங்காது.

காங்கிரீட் 4 அங்குலக் கனம், 1:1½:3 கலவை. இந்த அளவுக்கு 22 மூட்டை சிமெண்ட், 40 கன அடி எம்-சாண்ட், 80 கன அடி முக்கால் அங்குல ஜல்லி. ஒரு மூட்டைக்கு 25 லிட்டர் தண்ணீர் போதும். வாரிப் பரப்ப எளிதாக இருக்கட்டும் என்று தண்ணீரைக் கூட்டினால் மேல் பரப்பு பிற்பாடு மாவாக உதிரும், வெடிப்பும் கூடும். தளத்தை 10 அடிக்கு 7 அடியாக நான்கு பாளங்களாகப் பிரித்து, பிரிக்கும் கோட்டில் ஓர் அங்குல ஆழத்துக்கு வெட்டு விடுங்கள். அந்தக் கோட்டில் கம்பியை ஒன்று விட்டு ஒன்று அறுத்துவிடுவது நல்லது. காங்கிரீட் காயும்போது சுருங்கியே தீரும். நீங்கள் சொன்ன கோட்டில் பிளக்கட்டும். வீட்டுச் சுவருக்கும் தளத்துக்கும் நடுவே அரை அங்குலத் தெர்மோகோல் கட்டாயம். சுவரோடு தளம் ஒட்டிக்கொண்டால் ஏதாவது ஒன்று அசையும்போது மற்றதையும் கிழிக்கும்.

மறுநாள் காலை பாத்தி கட்டி, 10 நாள் தண்ணீர் நிறுத்துங்கள். அதன் பிறகு பாத்தியை உடைத்து, வீட்டுப் பக்கத்தில் நான்கு குடம் தண்ணீரை ஊற்றி, பத்து நிமிடம் கழித்துப் பாருங்கள். எங்காவது குட்டை நின்றால் சாக்பீஸால் வட்டம் போட்டு, கல் பதிக்கும்போது அந்த இடத்தை நிரப்பச் சொல்லுங்கள். கல் பதித்த பிறகு தெரிய வரும் குட்டைக்கு மருந்து கிடையாது.

வேலை தொடங்க ஜனவரி, பிப்ரவரி சரியான காலம். மழை ஓய்ந்திருக்கும், கரிசல் இன்னும் முழுதாக வெடித்திருக்காது, க்யூரிங்குக்கு, அதாவது தளத்தில் நிறுத்தி வைக்க, தண்ணீரும் கிடைக்கும்.

தரைக்கு எந்தக் கல்

பாலிஷ் போட்ட கிரானைட்டும் வழவழப்பான விட்ரிஃபைடு டைல்ஸும் வெளியில் வேண்டவே வேண்டாம். எண்ணெய்த் துளியும் மழைத் துளியும் சேர்ந்தால் பெரியவர்கள் வழுக்கி விழுவார்கள். கறுப்புக் கல் மே மாத வெயிலில் வெறுங்காலில் மிதிக்க முடியாத அளவுக்குச் சுடும். சமையல் பகுதிக்குச் சொரசொரப்பான ஃப்ளேம்டு கிரானைட், வெளிர் சாம்பல் நிறத்தில். உட்காரும் பகுதிக்குப் பாலிஷ் போடாத கோட்டாவோ தாண்டூரோ போதும். ஆனால் கோட்டா, தாண்டூர், கடப்பா எல்லாமே சுண்ணாம்புக்கல் வகை. எலுமிச்சை, புளி பட்டு ஊறினால் வெளுத்துத் தழும்பாகும். வேலை முடிந்ததும் சிமெண்ட் கறை போக ஆசிட் ஊற்றிக் கழுவுவது மேஸ்திரிகளுக்கு வழக்கம். அதை முன்கூட்டியே கண்டிப்பாகத் தடுத்துவிடுங்கள், ஒரே கழுவலில் கல்லின் முகம் போய்விடும். ஆத்தங்குடி டைல்ஸ் அழகுதான், ஆனால் அது கூரைக்குள் வாழும் பொருள். திறந்தவெளி மழையும் எண்ணெயும் அதற்கு ஆகாது.

கல்லின் அடியில் நான்கு மூலைக்கும் நடுவிலும் கலவை உருண்டை வைத்துப் பதித்தால் இடையில் பள்ளம் நிற்கும். காய்ந்த பிறகு நாணயத்தால் ஒவ்வொரு கல்லாகத் தட்டுங்கள். கணீரென்று கேட்பது நல்ல கல். பொத்தென்று காலியாகக் கேட்டால் எடுத்துத் திரும்பப் பதிக்கச் சொல்லுங்கள், கடைசிப் பணம் கொடுப்பதற்கு முன்னால். இடுக்கு 4 மி.மீ. இருக்கட்டும். தளத்தில் வெட்டு விட்ட கோட்டுக்கு நேர் மேலே கல்லின் இடுக்கும் வர வேண்டும். அந்த இடுக்கில் மட்டும் சிமெண்ட் வேண்டாம், நெளிந்து கொடுக்கும் சீலண்ட் போடுங்கள்.

கூரை

சமையல் பகுதிக்கு மட்டும் கூரை போதும். உட்காரும் பகுதிக்கு இரும்புப் பந்தலும் நிழல்வலையும் போட்டால் மாலையில் காற்றாடும். விறகடுப்பு இருக்கிறபடியால் கீற்று, பாலிகார்பனேட் இரண்டையும் விட்டுவிடுங்கள். மங்களூர் ஓடு அழகு, ஆனால் அதற்கு 10 அடி ஓட்டத்துக்கு 5 அடி ஏற்றம் வேண்டும். வீட்டோரம் அவ்வளவு உயரம் கிடைப்பது அரிது. 0.5 மி.மீ. கலர் கோட்டட் ஷீட்டுக்கு 10 அடிக்கு ஒரு அடி ஏற்றம் போதும். மேற்கே தாழ்வாக 8 அடி, வீட்டுப் பக்கம் 9½ அடி. மழைத் தண்ணீர் வீட்டை விட்டு விலகி ஓடும், மாலை வெயிலும் குறையும்.

ஷீட் கூரை கனத்தால் விழுவதில்லை, காற்று கீழிருந்து தூக்கித்தான் போகிறது. ஆகவே நான்கு தூணுக்கும் 2 அடிக்கு 2 அடி, 3 அடி ஆழத்தில் காங்கிரீட் கட்டை வேண்டும். ஒவ்வொன்றும் ஏறத்தாழ 800 கிலோ எடை வரும், நான்குக்கும் சேர்த்து 9 மூட்டை சிமெண்ட், 1:2:4 கலவையில். தூண் 3 அங்குலச் சதுர பைப், 3 மி.மீ. கனம். அதைக் காங்கிரீட்டுக்குள் புதைக்காமல், தளத்துக்கு மேல் 6 அங்குலம் எழுப்பிய கட்டையில் 10 மி.மீ. அடித்தகடு வைத்து, 12 மி.மீ. போல்ட் நான்கால் இறுக்குங்கள். புதைத்த பைப் தரை மட்டத்தில்தான் முதலில் துருப்பிடித்து அறும். தூண் கட்டைகளைத் தளத்துக்கு முன்பே போட்டு, கட்டையைச் சுற்றியும் தெர்மோகோல் விடுங்கள். ரப்பர் வாஷர் உள்ள ஸ்க்ரூ ஷீட்டின் மேட்டில் இறங்க வேண்டும், ஓர வரிசையில் ஒவ்வொரு மேட்டிலும். கூரையை வீட்டுச் சுவரில் தாங்க விடாதீர்கள், தனியாக நிற்கட்டும். இடைவெளியை மூடச் சுவரில் காடி வெட்டி ஒரு தகட்டு மடிப்பைச் செருகி, கூரை மேல் 6 அங்குலம் படிய விட்டால் போதும்.

விறகடுப்பு

இந்த வேலையில் கைப்பக்குவம் தேவைப்படும் பகுதி இது ஒன்றுதான். கிரானைட் மேடையில் நேராக விறகடுப்பு கட்டினால் கல் வெடிக்கும். கடப்பா சில்லுச் சில்லாகத் தெறிக்கும். சாதாரணச் சிமெண்ட் கலவையும் நெருப்பின் நேர்முகத்தில் சுமார் 450 டிகிரியில் பிடிப்பை இழந்து உதிர்ந்துவிடும். நெருப்பு தொடும் இடத்தில் ஃபயர் பிரிக்கும் (சூடு தாங்கும் செங்கல்) ஃபயர் கிளேயும் (சூடு தாங்கும் களிமண்) மட்டுமே இருக்க வேண்டும்.

செங்கல் பெட்டி கட்டி மேலே காங்கிரீட் பலகை போட்டு 10 அங்குல உயரத்தில் நிறுத்துங்கள். அதன்மேல் ஓர் அங்குலம் காய்ந்த மணல். மணல் மேல் ஃபயர் பிரிக் தளம், கலவை இல்லாமல் நெருக்கி அடுக்கியது. அதன்மேல் 9 அங்குலச் சதுர அறை, 12 அங்குல உயரம், மூன்று பக்கச் சுவர். அறையின் அடித்தளத்திலிருந்து 3 அங்குலத்தில் வார்ப்பிரும்புக் கம்பித் தட்டு. விறகு தட்டின் மேல், காற்று தட்டுக்குக் கீழே, சாம்பல் அதற்கும் கீழே. பாத்திரம் உட்காரும் மட்டம் தரையிலிருந்து 26 அங்குலம் வரும். பெரிய தேக்சா வைத்தாலும் நின்றபடி கிண்டலாம். 9×4½×3 அங்குல ஃபயர் பிரிக் 35, ஃபயர் கிளே 25 கிலோ வாங்கினால் மிச்சம் இருக்கும்.

கல்லைத் தண்ணீரில் முக்கி எடுத்து, ஃபயர் கிளேயை இட்லி மாவுப் பதத்தில் கரைத்து, கல்லின் முகத்தை அதில் தோய்த்து வைத்து, மரச்சுத்தியலால் தட்டித் தட்டி இடுக்கு தீக்குச்சிக் கனத்துக்கு வரும் வரை நெருக்க வேண்டும். அரை அங்குல இடுக்கு விட்டுச் சாதாரணச் சுவர் போலக் கட்டினால் அந்தக் கலவைதான் முதலில் உதிரும். அடுப்பின் வாய்க்கு மேலே 6 மி.மீ. தட்டை இரும்பு வைத்து அதன்மேல் கல் வையுங்கள். இரும்பின் இரு முனையிலும் கால் அங்குலம் காலியாக விடுங்கள். சூட்டில் இரும்பு நீளும்போது இடமில்லாவிட்டால் சுவரைத் தள்ளிப் பிளக்கும்.

வெளியே அழகுக்குக் கட்டும் செங்கல் சுவர் உள்சுவரைத் தொடக் கூடாது. இடையில் அரை அங்குலம் விட்டு உமிச்சாம்பலால் நிரப்புங்கள். சூட்டை அது உள்ளேயே நிறுத்தும், உள்சுவர் விரியவும் இடம் கொடுக்கும். வெளிப்பூச்சில் விரிசல் விட்ட விறகடுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு இந்த அரை அங்குலம் இல்லாததே காரணம்.

கூரையின் உயரமான முனை வீட்டுப் பக்கம் வருவதால் கூரைக்கடியில் தேங்கும் புகை மாடி ஜன்னலைத் தேடும். சிம்னி இல்லாமல் இந்த அமைப்பு சரிப்படாது. பின்சுவரின் மேல்முனையில் துவாரம் விட்டு 6 அங்குல ஜி.ஐ. பைப்பை ஏற்றுங்கள். கூரையைத் துளைக்கும் இடத்திலிருந்து 3 அடிக்குக் குறையாமலும், 10 அடி தூரத்துக்குள் உள்ள எதைவிடவும் 2 அடி உயரமாகவும் அது நிற்க வேண்டும். தலையில் தொப்பி. ஆஸ்பெஸ்டாஸ் பைப் வேண்டாம். சிம்னி இழுக்க வேண்டுமானால் பாத்திரம் அடுப்பின் மேல்வாயை மூடி உட்கார வேண்டும். சின்னப் பாத்திரத்துக்கு வார்ப்பிரும்பு வளையங்கள் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் புகை சுற்றிலும் கசிந்து மேலே வரும்.

மேடையும் கேஸும்

மேடைக்கு இரண்டரை, மூன்று அடிக்கு ஒரு 4½ அங்குலக் குறுக்குச் சுவர், மேலே கடப்பா பலகை, அதன்மேல் கிரானைட். குறுக்குச் சுவர், பின்சுவர், மேடைக்கு மேல் ஒன்றரை அடித் தடுப்பு எல்லாம் சேர்த்து 350 செங்கல் பிடிக்கும். அகலம் 2 அடி. சமைப்பவர் 5 அடி 2 அங்குலம் என்றால் நறுக்கும் மேடை 32 அங்குல உயரம். கேஸ் அடுப்பு வைக்கும் 3 அடியை மட்டும் 27 அங்குலத்துக்கு இறக்குங்கள். அடுப்பின் உயரமும் பாத்திரத்தின் உயரமும் சேரும்போது தோளைத் தூக்கிக்கொண்டு கிண்டும்படி ஆகிறது என்பதைப் பலர் கட்டிய பிறகே உணர்கிறார்கள். அடியில் கால் நுழைய 3 அங்குலம் உள்வாங்கல் விடுங்கள். கிரானைட்டின் முன்விளிம்புக்கு அடியில் ஒரு சொட்டுக் காடி வெட்டச் சொல்லுங்கள். விளிம்பில் வழியும் தண்ணீர் அந்தக் காடியில் அறுந்து கீழே விழும், உள்ளே ஓடிச் சுவரை நனைக்காது.

மேடைக்கடியில் ப்ளைவுட் அலமாரி ஒரே மழைக்காலத்தில் உப்பிப் போகும். கடப்பா தட்டுகளும் அலுமினிய லூவர் கதவும் போதும்.

எல்.பி.ஜி. காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு படியும். ஆகவே சிலிண்டர் அறை தரை மட்டத்தில், அடியில் இரண்டு காற்றுத் துவாரத்தோடு இருக்க வேண்டும். தரையைவிடப் பள்ளமான இடத்திலோ, கழிவுநீர்ப் பொறியின் பக்கத்திலோ வைக்கவே கூடாது. ஐ.எஸ்.ஐ. முத்திரை உள்ள சுரக்ஷா குழாய் ஒன்றரை மீட்டருக்கு மிகாமல், கண்ணுக்குத் தெரியும்படி, சுவரைத் துளைக்காமல் வர வேண்டும். ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். வீட்டு சிலிண்டரில் உயர் அழுத்த ரெகுலேட்டர் மாட்டிப் பெரிய பர்னர் எரிப்பதை எவ்வளவு பேர் செய்தாலும் நீங்கள் செய்யாதீர்கள். கோவைக் காற்றில் சிறுதீ அணைந்து கேஸ் மட்டும் வந்துகொண்டிருக்கும் ஆபத்து உண்டு. தீ அணைந்தால் தானே அடைத்துக்கொள்ளும் அடுப்பாக வாங்குங்கள். அடுப்பின் மேற்குப் பக்கத்தில் 18 அங்குலக் கடப்பா பலகையை நிறுத்துங்கள். கசிவு உதவி எண் 1906-ஐச் சிலிண்டர் கதவின் உள்பக்கம் எழுதி ஒட்டிவிடுங்கள்.

கழிவுநீரும் மின்சாரமும்

தொட்டிப் பைப்புக்கு 10 அடிக்கு 3 அங்குல வாட்டம். தளத்துக்கு வெளியே 2 அடிக்கு ஒன்றரை அடி, ஒன்றரை அடி ஆழத்தில் ஓர் எண்ணெய்ப் பொறி. வெளியேறும் பைப்பின் உள்முனையில் 'T' வடிவ இணைப்பு மாட்டிக் கீழ்நோக்கி இறக்கினால் எண்ணெய் மேலேயே மிதக்க, அடித் தண்ணீர் மட்டும் போகும். மாதம் ஒருமுறை மேலே உறைந்ததை அள்ளுங்கள். அங்கிருந்து தண்ணீர் வாழைக்கும் கல்வாழைக்கும் போகலாம், ஆனால் அந்தப் பாத்தி தளத்தை ஒட்டி வேண்டாம், கரிசல் ஊறி உப்பும். மழைநீர்ச் சேகரிப்புக் குழிக்குக் கூரைத் தண்ணீர் மட்டும் போகட்டும். தளம் கழுவிய எண்ணெய்த் தண்ணீர் அதில் கலந்தால் குழியின் மணல் அடைந்து உறிஞ்சுவதை நிறுத்திவிடும்.

வெளியே தெரியும் பிளாஸ்டிக் பைப் வெயிலில் நொறுங்கும். புதையுங்கள், அல்லது பெயிண்ட் அடியுங்கள். வெளிக் குழாய்க்கென்று வீட்டுக்குள் தனி வால்வு ஒன்று வேண்டும்.

மின்சாரத்துக்குத் தனி சர்க்யூட், 30 மில்லி ஆம்ப் ஆர்.சி.சி.பி. (மின்கசிவு ஏற்பட்டால் தானே மின்சாரத்தைத் துண்டிக்கும் சுவிட்ச்) கட்டாயம். ஈரக் கை, வெறுங்கால், ஈரத் தரை மூன்றும் சேரும் இடம் இது. கிரைண்டருக்கும் இண்டக்‌ஷனுக்கும் 16 ஆம்ப் சாக்கெட், 4 சதுர மி.மீ. கம்பி, தூசியும் தண்ணீர்ச் சாரலும் தாங்கும், மூடி உள்ள ஐ.பி. 55 சாக்கெட், தரையிலிருந்து 4 அடி உயரத்தில், தொட்டிக்கு நேர் மேலே இல்லாமல். விளக்கு மஞ்சள் ஒளியாக இருந்தால் பூச்சி குறையும்.

பற்றவைக்கும் முன்

விறகடுப்பு கட்டி முடித்த கையோடு பால் காய்ச்சிவிட வேண்டும் என்று அவசரப்படாதீர்கள். கல்லுக்குள்ளும் இடுக்கிலும் நிற்கும் ஈரம் திடீர்ச் சூட்டில் ஆவியாகி வெளியேற முடியாமல் கல்லைப் பிளக்கும். ஒரு வாரம் நிழலில் காயட்டும். பிறகு முதல் நாள் ஒரு கைப்பிடிச் சுள்ளி, அரை மணி நேரம். அடுத்தடுத்த நாட்களில் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டி, ஐந்தாறு நாளில் முழுத் தீக்கு வாருங்கள். மயிரிழை விரிசல் விழும். அது இயல்பு, ஃபயர் கிளேயைக் குழைத்துத் தேய்த்துவிட்டால் போதும். விறகு நன்றாகக் காய்ந்த சவுக்கோ சீமைக்கருவேலோ இருக்கட்டும், பிளந்து ஆறு மாதம் காய்ந்தது. பச்சை விறகில் எந்தச் சிம்னியும் புகையை அடக்காது, பைப்பின் உள்ளே தாரும் படியும். விறகைத் தரையிலிருந்து 9 அங்குலம் உயர்த்திய இரும்புச் சட்டத்தில், அடுப்பின் வாயிலிருந்து தள்ளி அடுக்குங்கள். தரையில் கிடந்தால் கரையானும் தேளும் குடியேறும். ஒவ்வொரு செப்டம்பர் கடைசியிலும் சிம்னியைத் தட்டிக் கரியை இறக்கி, வாய்க்காலில் மண் அள்ளி, கூரை ஸ்க்ரூக்களின் ரப்பர் வாஷரில் வெடித்ததை மாற்றிவிடுங்கள்.